விலகிய ஊழியரும் தொழில் இரகசியமும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் சிறு பட்டறை நடத்துபவருக்கும் பெரிய ஆலையின் நிர்வாகிக்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் விலகி, செய்முறைக் குறிப்பையோ வாடிக்கையாளர் பட்டியலையோ போட்டி நிறுவனத்திற்குக் கொண்டு சென்றுவிட்டால் என்ன செய்வது? தொழில் இரகசியத்திற்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அதனால் பரிகாரமே இல்லை என்று கொள்வது தவறு. ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கை மீறல் பற்றிய பொது நெறியும் வழிகாட்டுகின்றன.

1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஆலை வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டயருக்கான நூலிழை செய்யும் நுட்பத்தை இந்த ஆலை வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து பெற்றிருந்தது; அதைப் பிறர் அறியாமல் காக்கவும் உடன்பட்டிருந்தது. 1963இல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஷிப்டு மேற்பார்வையாளர் ஒருவர் பயிற்சி முடித்து, மறு ஆண்டே கோட்டாவிலுள்ள போட்டி ஆலைக்குச் சென்றார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அத்தகைய ஆலையில் பணியாற்றக் கூடாது என்ற தடையாணையை நீதிமன்றம் உறுதி செய்தது.

பணிக்காலம் முடிந்த பின் நிலைமை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 27ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2006இல் பெர்செப்ட் டி'மார்க் வழக்கில் தெளிவுபடுத்தியது. 1980இல் தீர்ப்பான சூப்பரின்டெண்டென்ஸ் நிறுவன வழக்கோ விந்தையானது. "விலகினால்" இரண்டாண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் ஊழியரை நீக்கியது நிறுவனமே. நீக்கப்படுவது விலகுவதாகாது எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். ஒரு சொல்லை அசட்டையாக எழுதியதன் விலை அது!

ஆகவே முதலாளி வழக்காடத் தக்கது மனிதரின் மீதல்ல, தகவலின் மீதே. அனுபவத்தால் வந்த திறமை ஊழியருடைய சொத்து; நிறுவனம் மறைத்து வைத்த சூத்திரம் அவருடையதன்று. வாடிக்கையாளரின் பெயரை அறிந்திருப்பது மட்டுமே இரகசியமாகாது என்ற போக்கில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் (2006) டெல்லி உயர் நீதிமன்றம் தடையாணையை மறுத்தது. ஆனால் 1995இல் அதே நீதிமன்றம், உழைத்துத் தொகுத்த வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டெனக் கருதித் தடை விதித்தது.

குற்றவியல் வழியும் உண்டு. ஒப்படைக்கப்பட்ட சொத்தை ஊழியர் கையாடினால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு பொருந்தலாம். கணினியிலிருந்து அனுமதியின்றித் தரவைப் பிரதியெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் உண்டு. மிரட்டுவதற்காகப் புகார் கொடுப்பது மட்டும் பயன் தராது.

2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 289ஆம் அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. முறைகேட்டை வெளிப்படுத்துபவருக்கு விலக்கும் அளிக்கச் சொன்னது. அதுவரை, வழக்குத் தொடுப்பவர் எது இரகசியம், அதைக் காக்கத் தாம் என்ன செய்தார், ஊழியர் அதை எவ்வாறு எடுத்தார் என்ற மூன்றையும் காட்ட வேண்டியிருக்கும். தாமதமின்றி இடைக்காலத் தடையாணையும், கணினிகளைப் பார்வையிட ஆணையரும் கோரலாம். கடவுச்சொல்லின்றி எல்லோர் மேசையிலும் கிடந்த கோப்பை இரகசியம் என்று நிறுவுவது அரிது.