நண்பனின் முதல் மீன்



அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் 'கேடோ' என்றொரு ஏரி இருக்கிறது. பரப்பளவு சுமார் 25 ஆயிரம் ஏக்கர். தண்ணீருக்குள்ளேயே சைப்ரஸ் மரங்கள் காடு போல வளர்ந்து நிற்கும்.

இந்த ஏரியில் 'பெரியவாய் பாஸ்' என்ற மீன் உண்டு. பெயருக்கேற்ற வாய்தான்! வாயை மூடியிருந்தாலும் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ், 10 கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்ததாம்!

இதைப் பிடிக்கப் பலர் 'கயாக்' என்ற சிறு படகில் போகிறார்கள். வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் சீல் தோலால் செய்த வேட்டைப் படகு இது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. மோட்டார் சத்தமில்லாமல் மரங்களுக்கு இடையே புகுந்து போகலாம்.

சரி, உங்கள் வீடு அந்த ஏரிக்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கயாக் பழக்கம். உங்கள் நண்பனுக்கு இதுதான் முதல்முறை. அப்பாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். முதலில் எதை எடுப்பீர்கள்? தூண்டிலையா?

இல்லை, லைஃப் ஜாக்கெட்டை! டெக்சாஸில் 13 வயது நிரம்பாதவர்கள் படகு ஓடும்போது அதை அணிந்தே ஆகவேண்டும். வயது கூடியிருந்தாலும் நீங்களும் அணியுங்கள். நீங்கள் அணியாவிட்டால் நண்பனும் வெட்கப்பட்டுக் கழற்றிவிடுவான்.

அடுத்து, இடுப்பளவு ஆழத்தில், அப்பா பக்கத்தில் நிற்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறப் பழக்குங்கள். ஏறத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இப்போது தூண்டில். முள்ளின் நுனியை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கட்டினால் வேரிலும் பாசியிலும் எளிதில் சிக்காது. இந்த முறைக்கே 'டெக்சாஸ் ரிக்' என்று பெயர். மரத்தடியில் போட்டு, மூழ்கவிட்டு, மெல்ல இழுக்க வேண்டும்.

மீன் கடித்ததும்தான் ஆபத்து! ஆர்வத்தில் நண்பன் ஒரு பக்கமாகச் சாய்வான், படகு கவிழ்ந்துவிடும். "நேராக உட்கார். மீன் உன் பக்கத்தில் வரட்டும்" என்று முன்பே சொல்லி வையுங்கள். திரும்ப நீரில் விடப்போகும் மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பு போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நண்பன், "பயமாக இருக்கிறது, போதும்" என்றால் உடனே கரைக்குத் திரும்புங்கள். 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சுபவன் அடுத்தமுறை பயத்தை வெளியே சொல்லமாட்டான். கை நடுங்கினாலும் "ஒன்றுமில்லை" என்பான். தண்ணீரில் அதுதான் பெரிய ஆபத்து.

அன்று மீன் கிடைக்காமல் போகலாம். ஆனால் வீடு திரும்பும்போது அவன், "அடுத்த வாரமும் போகலாமா?" என்று கேட்டால், நீங்கள் நல்ல நண்பர்தான்.

நீச்சலோ, சைக்கிளோ, எதைக் கற்றுக்கொடுத்தாலும் இதை மறக்காதீர்கள். சரிதானே?