செடி தரும் உலோகம்

உலோகம் வேண்டுவோர் மலையை அகழ்ந்து, கல்லை உடைத்து, உலையிலிட்டு உருக்குவர். இது யாவரும் அறிந்ததே. செடியை வளர்த்து எரித்து, அதன் சாம்பலினின்று உலோகம் பெறும் வழியும் ஒன்றுண்டு. அதனை ஈண்டு யாம் சுருங்கக் கூறுவாம்.

ஐரோப்பாவிலுள்ள அல்பேனிய நாட்டின் சில நிலங்களில் நிக்கல் என்னும் உலோகம் கலந்துளது. உருக்கி எடுத்தற்கோ அது போதாது. பயிர்களுக்கோ அது கேடு. ஆயினும் அலிசம் என்னும் மஞ்சட் பூச்செடி ஆங்குச் செழித்து வளர்கின்றது. வேரால் நிக்கலை உறிஞ்சி இலைகளிற் சேர்த்துவைத்தல் அதன் இயல்பு. இதன் இனச்செடியொன்றில் நிக்கல் மிகுந்திருத்தலை 1948இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஒரு பங்களவு நிக்கல் இருப்பதுண்டு. செடியை அறுத்து உலர்த்தி எரிப்பின், உலோகம் சாம்பலில் எஞ்சும். அமிலத்தாற் கரைத்து அதனைப் பிரிப்பர். உரமிட்டு வளர்த்தால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ நிக்கல் கிடைக்குமென அந்நாட்டுச் சோதனைகள் காட்டின.

விளைவு குன்றிய நிலமுடைய உழவனுக்கு இஃது ஊதியமாம். எனினும் ஆராயாது செய்தல் தீது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இதன்பொருட்டுக் கொணர்ந்து நட்ட அலிசம் வயலெல்லை கடந்து பரவிற்று. அம்மாநிலத்தார் 2009இல் அதனைத் தீய களைகளுள் ஒன்றாக வகுத்தனர்.

போர்னியோத் தீவின் சபாவிலோ, கீழாநெல்லிக்கு உறவான ஒரு புதரை, அது பிறந்த மண்ணிலேயே பயிரிட்டுச் சோதித்தனர். கிளைகளை அறுப்பினும் அது மீளத் தழைக்கும். அவ்வந் நிலத்துக்குரிய செடியை அவ்வந் நிலத்திலேயே வளர்த்தல் நன்றென்பதே எம் துணிபு.