நியாயவாதியின் மணிக்கூடு

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் ஒருவனுக்காக வாதாட நியாயவாதி எழுகிறான். ஒரு காலை இழுத்து இழுத்து யூரர் முன் வருகிறான். சட்டைப்பையிலிருந்து மணிக்கூடொன்றை எடுத்து, அது தன் தந்தை தந்த நினைவுப்பொருள் என்று சொல்லி, கேட்போர் நெஞ்சில் இரக்கம் ஊறச் செய்கிறான். சான்றுகளை எடைபோட அமர்த்தப்பெற்ற யூரர், அவனுடைய ஊனத்தையும் மணிக்கூட்டையும் எடைபோடுகின்றனர். கொலையாளி விடுதலை பெறுகிறான். கால் ஊனம் மெய். மணிக்கூட்டின் கதையோ பொய்.

‘பார்ட்டி கேர்ள்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் வரும் தோமஸ் ஃபரெல் என்பவனே இந்த நியாயவாதி. நிக்கலஸ் றே நெறிப்படுத்திய இப்படம் 1958ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரொபேட் ரெயிலர் நியாயவாதியாகவும், சிட் சரீஸ் நடனமாது விக்கியாகவும், லீ ஜே. கொப் கள்வர் தலைவன் றிக்கோவாகவும் நடித்தனர். காதல், கொலை, நீதிமன்றம் மூன்றையும் கலந்து பொழுதுபோக்குக்கெனச் சமைத்த படந்தான். எனினும், அதன் உள்ளே ஒரு பெரிய வினா உறைந்து கிடக்கின்றது.

கதை நிகழும் களம் 1930களின் தொடக்கத்துச் சிக்காகோ நகரம். 1920இலிருந்து 1933வரை அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சட்டம் மதுவை விலக்கியதேயன்றி, மாந்தரின் மதுவேட்கையை விலக்கவில்லை. அந்த வேட்கையை மூலதனமாக்கிக் கள்வர் கூட்டங்கள் கொழுத்தன. பணம் பெருகப் பெருக அவற்றுக்குத் துப்பாக்கி ஏந்துவோர் மட்டும் போதவில்லை. சட்டநூல் ஏந்துவோரும் வேண்டியவராயினர்.

இங்கேதான் அவ்வினா எழுகின்றது. குற்றம் சாட்டப்பட்ட எவனுக்கும் தன் பக்க நியாயத்தை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும் என்பது நாகரிக சமுதாயத்தின் அடிப்படை அறம். ஆனால், ஒருவனுக்காக வாதாடுதல் வேறு. அவன் செய்யப்போகும் குற்றங்களுக்கெல்லாம் முன்கூட்டியே காவலாய் நிற்றல் வேறு. ஃபரெல் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை என்றோ கடந்துவிட்டவன். அதை அவன் அறியாதவனுமல்லன். அறிந்தும் அறியாதவன்போல் வாழ்பவன்.

அவனை விழிக்கச் செய்வது சட்டமன்று, காதல். பணத்துக்காக விருந்துகளை அலங்கரிக்கும் விக்கியின் வாழ்வும், பணத்துக்காகக் கொலைகாரரைக் காக்கும் ஃபரெலின் வாழ்வும் அடிப்படையில் ஒன்றே. இருவரும் விலைபோனவர்கள். ஒருவர் கண்ணாடியில் மற்றவர் தம்மைக் காண்கின்றனர். அதனாலேயே அவர்களின் காதல் வெறும் மயக்கமாகாமல், மானத்தைத் தேடும் முயற்சியாகின்றது. ஃபரெல் ஐரோப்பா சென்று சத்திரசிகிச்சை பெற்றுக் காலைச் சீராக்கிக்கொள்வதும் இம்முயற்சியின் புறவடிவமே.

ஆனால், றிக்கோ அவனை விடுவதாயில்லை. மீண்டும் வந்து வாதாடு. மறுத்தால் விக்கியின் முகம் அமிலத்தால் அழியும் என்கிறான். ஃபரெலின் பலமாகிய அன்பே அவனைக் கட்டும் விலங்காகிவிடுகின்றது. கள்வர் கூட்டத்தின் ஆட்சி நிற்பது அஞ்சாதவர்மேலன்று, அன்பு செய்பவர்மேல் என்ற கசப்பான உண்மையை இக்கட்டம் நன்கு உணர்த்துகின்றது.

இது கற்பனைதானே என்று கூறுவார்க்கு வரலாறு விடை தருகின்றது. சிக்காகோவைக் கலக்கிய அல் கப்போன் 1931 ஒக்ரோபரில் வருமானவரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 11 ஆண்டுச் சிறையும் 50,000 டொலர் அபராதமும் பெற்றான். யூரரை விலைக்கு வாங்கக் கூட்டத்தார் முயல்வதறிந்த நீதிபதி வில்கேர்சன், விசாரணை தொடங்கும் வேளையில் யூரர் குழுவையே மற்றொரு நீதிமன்றக் குழுவோடு மாற்றிவிட்டார். அவ்வழக்கில் அரசினருக்கு இரகசியமாக உதவியவர்களுள் ஒருவர் எட்வேட் ஓஹேர். கப்போன் கூட்டத்தின் நாய்ப்பந்தயத் தொழிலில் பங்கு கொண்டிருந்த ஒரு சட்டவாதி. 1939 நொவம்பர் 8இல் சிக்காகோ வீதியொன்றில் காரோட்டிச் செல்கையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். எட்டு நாள்கள் கழித்துக் கப்போன் விடுதலையானான்.

திரைப்படத்தின் முடிவோ வேறு. காவலர் சூழ்ந்துகொள்ளும் வரை ஃபரெல் தன் நாவன்மையாலேயே காலத்தைக் கடத்துகிறான். விக்கிக்கென வைத்த அமிலம் இறுதியில் றிக்கோவின் முகத்திலேயே கொட்டுகின்றது. வினை விதைத்தவன் வினையறுப்பான் என்ற நியதி மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால், ஓஹேரின் முடிவை எண்ணும்போது இது எளிதாய்க் கிடைத்த நீதியாகவே படுகின்றது. கதையோட்டத்தைத் தடுத்து நிற்கும் நடனக் காட்சிகளும் படத்துக்கு ஒரு குறையே.

இக்குறைகளுக்கு அப்பாலும் படம் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் அந்த மணிக்கூடு. பொய்க்குத் துணைநின்ற அதே நாவன்மை கடைசியில் ஓர் உயிரைக் காக்கின்றது. சொல்லிற் குற்றமில்லை, அதை ஏவியவன் யார் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. எல்லாம் ஓய்ந்தபின், ஃபரெல் அந்த மணிக்கூட்டைத் தன் எதிர்த்தரப்பு நியாயவாதியிடமே கொடுத்துவிட்டு, காதலியோடு நடந்து செல்கிறான். கால் இன்னும் முழுதாகச் சீராகவில்லை. ஆனால், இரக்கம் இரந்து நடந்த நடை அன்று அது.