பழைய புல்டோசரும் ஒரு சிறு துளையும்

கோடை பிறந்துவிட்டால் கரக்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிணற்றடியே கவலையாகிவிடும். செம்புறை மண் நிறைந்த மேட்டு நிலம் இது. பங்குனி கழிந்ததும் கிணறுகள் ஒவ்வொன்றாக அடிமண்ணைக் காட்டத் தொடங்கும். நம் குடியிருப்பின் தென்புறத்தே ஒரு குளம் உண்டு. அதில் நீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளிலும் நீர் நிற்கும். ஆனால் அது பல ஆண்டுகளாகத் தூர்ந்து, மாடுகள் நடந்து கடக்கும் பள்ளமாகிக் கிடந்தது.

சென்ற ஆண்டு சித்திரையில், அண்டையில் வாழும் வங்காளியரும் தெலுங்கரும் நம் சங்கத்தாரோடு கூடிப் பேசினர். குளத்துக்கு உரியவர்களும் இசைய, தூர் வாருவதென முடிவாயிற்று. இயந்திர வாடகையைக் கேட்டபோதுதான் அனைவரும் திகைத்தனர். அவ்வேளையில் சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர், "என் கொட்டகையில் பழைய புல்டோசர் ஒன்று நிற்கிறது. சூடேறுகிறது என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழுது பார்த்து, டீசலும் ஊற்றிக்கொள்வதானால் வாடகையின்றி எடுத்துப் போங்கள்" என்றார். ஆனி மாதத்து மழை தொடங்குமுன் வேலை முடிய வேண்டும். வீட்டுக்கு வீடு நன்கொடை திரட்டிக் கணக்கு வைக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. இரயில்வே அலுவலகத்தில் நாள் முழுதும் கணக்கேடு புரட்டும் எழுத்தருக்கு வேறென்ன பொறுப்புக் கொடுப்பார்கள்!

பழுது பார்க்க முன்வந்தவர், சங்கத்தில் யாவரும் 'மேஸ்திரி ஐயா' என்று அழைக்கும் முதியவர். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1964-இல் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தங்கவயலில் மண் வாரும் இயந்திரங்களைச் செய்யலானது. அவ்வியந்திரங்களிடையே இளமையில் தொழில் பழகி, பின்னர் சாலை வேலைகளைத் தொடர்ந்து வங்கம் வந்து சேர்ந்தவர் அவர். தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் ஊர் திரும்பும் எண்ணத்தையும் விட்டுவிட்டார்.

புல்டோசரின் முன்தகடும் இரும்புச் சங்கிலித் தடங்களும் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். அதனை உயிரோடு வைத்திருப்பதோ கண்ணில் படாத ஒரு சிறு பம்பு. டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலைக்குப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேற, ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் வாங்கிக்கொள்கிறது. அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளிக் குளிரவைத்து மீளவும் கொணர்வதே நீர்ப்பம்பின் தொழில். அது சிறிது நேரம் நின்றாலும் நீர் கொதிக்கும்; இரும்பு விரியும்; எஞ்சின் பாழாகும்.

மேஸ்திரி ஐயா முதலில் செய்தது எஞ்சின் எண்ணெயை அளக்கும் கோலை உருவிப் பார்த்தது. கருத்திருக்க வேண்டிய எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தது. "எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது, தம்பி. எந்த வழியாகப் போயிற்று என்று கண்டுபிடிக்காமல் ஒரு போல்ட்டையும் தொடக்கூடாது" என்றார். எஞ்சின் தலையின் கேஸ்கட் கிழிந்தாலும் எண்ணெய் இவ்வாறே வெளுக்குமாம். எனவே ரேடியேட்டரில் நீர் நிரப்பி, கைப்பம்பினால் சிறிது அழுத்தம் ஏற்றி, விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரத்தில் நீர்ப்பம்பின் பல்சக்கரப் பக்கத்திலிருந்து நீர் சொட்டுவது தெரிந்தது.

பம்பைக் கழற்றித் துடைத்துத் திருப்பியபோது, அதன் வயிற்றுப் புறத்தில் பென்சில் நுழையும் அளவான துளை ஒன்றைக் காட்டினார். அதில் யாரோ மரக்குச்சியைச் செதுக்கி அடித்து, மேலே பசையும் பூசியிருந்தனர். "பாவி, இதை அடைத்துவிட்டானே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்துளையின் கதையை நம் நேயர்கள் அறிதல் நன்று. பம்பின் தண்டில் ஒரு முனையில் நீரைத் தள்ளும் சுழல்தட்டும், மறுமுனையில் எஞ்சினோடு சேரும் பல்சக்கரமும் உள்ளன. நீர்ப் பக்கத்தில் ஒரு சீல் நீரைத் தடுக்கிறது; பல்சக்கரப் பக்கத்தில் மற்றொரு சீல் எண்ணெயைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ளது அத்துளை. நீர்ச் சீல் தேய்ந்தால் கசியும் நீர் அதன் வழியே வெளியே சொட்டி, "எனக்கு நோய் வந்துவிட்டது" என்று ஓட்டுநருக்கு அறிவிக்கும். சொட்டுவதைக் குற்றமென்று எண்ணித் துளையை அடைத்தால், வெளியேற வழியற்ற நீர் எண்ணெய்ச் சீலையும் கடந்து எஞ்சினுக்குள் புகும். சில நூறு ரூபாய்ச் சீலில் தீர வேண்டிய நோய், எஞ்சினையே கொல்லும் நோயாகிவிடும்.

குச்சியை அகற்றித் துளையைக் கம்பியால் சுத்தம் செய்தார். பேரிங்குகள் துருவேறிக் கரகரத்தன. அவற்றுக்கு மாற்றுக் கிடைத்தது. புதிய சீல்களும் கிடைத்தன. ஆனால் தண்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்தவர் முகம் சுளித்தார். நீர்ச் சீலின் ரப்பர் இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில் துருக்குழிகள் இருந்தன. "புதுத் தண்டு கடைந்து போட வேண்டும். நான்கு நாளாகும்" என்றார்.

இங்கே நம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வைகாசி பாதி கழிந்திருந்தது. கையிருப்பும் குறைந்திருந்தது. "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கலாகாதா, ஐயா?" என்று வற்புறுத்தியவர் நாமே. அவர் நம்மைச் சற்றே நோக்கினார்; மறுத்துப் பேசவில்லை. வெளுத்த எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, மலிவான எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதனையும் வடித்துப் புதிய எண்ணெய் நிரப்பினார். எஞ்சின் முழங்கியது. சிறுவர்கள் ஆரவாரித்தனர். இரண்டு மணி நேரத்தில் அத்துளையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது.

"தொடக்கத்தில் நாலைந்து சொட்டு வந்தால் குற்றமில்லை. இது நிற்காத சொட்டு" என்று சொல்லி எஞ்சினை நிறுத்தினார். அளவுகோலை உருவினார், எண்ணெய் வெளுக்கவில்லை. "பார்த்தீர்களா, தம்பி? துளை திறந்திருந்ததால் எஞ்சின் பிழைத்தது" என்றார். நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மீண்டும் செலவு. சீல் ஒன்று வீணாயிற்று. தண்டு கடைய வேண்டும். ஆகமொத்தம் பதினான்காயிரம் ரூபாய் தேவைப்பட்டது. நன்கொடைப் பணத்தில் எஞ்சியது டீசலுக்கே போதாது. நம் பிடிவாதத்தால் வந்த நட்டத்தைச் சங்கத்தாரிடம் எவ்வாறு கூறுவது? மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவிட்டு, கணக்கேட்டில் அதனை எழுதாது விட்டோம். வீட்டிலும் சொல்லவில்லை.

இம்முறை யாவும் முறைப்படி நடந்தன. லேத்துப் பட்டறையில் புதிய எஃகுத் தண்டு கடையப்பட்டது. பம்பின் கூட்டைச் சூடாக்கிப் பேரிங்கை இறக்கினார், சுத்தியல் படவில்லை. கூட்டினுள் இறக்கும்போது வெளிவளையத்தையும், தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். மாறினால் புதிய பேரிங்கின் குண்டுகளே தழும்பிடும் என்று நம்மையும் அருகிருத்திக் கற்பித்தார். கேஸ்கட் அமரும் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தேய்த்துச் சமன் செய்தார். சீலின் பளபளப்பான முகத்தில் விரல் படவும் விடவில்லை. சுழல்தட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளியை மெல்லிய தகடுகளால் அளந்தார். நீர் நிரப்பாமல் ஒரு சுற்றும் சுற்றவிடவில்லை. வறண்டு சுழன்றால் சீல் நொடியில் கருகுமாம். கிணற்று நீர் உப்பும் துருவும் படியவைக்கும் என்று, சேமித்த மழைநீரோடு துருத்தடுப்பு மருந்து கலந்து ஊற்றினார்.

வேலை முடிந்த மாலை, கை கழுவிக்கொண்டே கேட்டார்: "பணம் எங்கிருந்து வந்தது, தம்பி?" நாம் மழுப்பினோம். அவர் பம்பின் துளையைச் சுட்டிக் காட்டி, "நீங்களும் குச்சி அடித்துவிட்டீர்களோ?" என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் மனையாளிடம் உண்மையைச் சொன்னோம். ஞாயிறன்று சங்கக் கூட்டத்தில் கணக்கேட்டைத் திருத்தி வாசித்து, தவறு நம்முடையதென்றோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் தெலுங்கு நண்பர் ஒருவர் எழுந்து, "குளம் எல்லோருக்கும் என்றால் நட்டமும் எல்லோருக்குந்தானே?" என்றார். இரண்டு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. பள்ளிக் கட்டணமும் தவணை தவறவில்லை.

புல்டோசர் பதினோரு நாள் உழைத்தது. வெப்பமானியின் முள் 85 பாகையைத் தாண்டவில்லை. வண்டலை மட்டும் கரைக்குத் தள்ள வேண்டும். அடியிலுள்ள களிமண் படுகையைக் கீறினால் நீர் தங்காது என்று மேஸ்திரி ஐயா கரையிலேயே அமர்ந்து காவல் காத்தார். கடைசி நாள் பிற்பகலில் வானம் இருண்டது. இயந்திரம் கரையேறிய அன்றிரவே முதல் மழை கொட்டியது. இவ்வாண்டு கோடையில் நம் தெருக் கிணற்றில் வாளி தரை தட்டவில்லை.

பிழைப்பு நாடித் தொலைவில் வாழும் நமக்கு, துளையடைப்பது பழகிப்போன வழக்கம். ஊரிலிருக்கும் தாய் தந்தையரிடம் நாள்தோறும் தொலைபேசியில் "இங்கு யாவரும் நலம்" என்கிறோம். நோயையும் கடனையும் பிள்ளைகளின் தோல்வியையும் மறைத்து, வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் காக்கிறோம். அந்நீர் உள்ளே எங்கே போகிறதென்று எண்ணுவதில்லை. சங்கம் என்பது பொங்கலுக்குக் கூடிக் கலைவதற்கு மட்டுமன்று. ஒருவர் வீட்டுத் துயர் மற்றவர் கண்ணில் படுவதற்குமாகும். சொட்டுவதைக் கண்டு எவரும் நகைக்க வேண்டாம். சொட்டுகிறதே என்று எவரும் நாணவும் வேண்டாம்.

மேஸ்திரி ஐயாவின் வீட்டு மாடத்தில் அந்த மரக்குச்சி இன்றும் இருக்கிறது. ஏனென்று கேட்டோம். "புதிதாகத் தொழில் கற்க வரும் பையன்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்" என்றார்.