ஏலேலோ பாடியவன் எங்கே?

பாட்டுக்குப் பொருள் கேட்போர் உண்டு. பண் கேட்போர் உண்டு. எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், எந்தப் படத்தில் எந்த நடிகர் வாயசைத்தார் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வோரும் உண்டு. தோழா! அந்தப் பாட்டுக்குப் பின்னே வலை இழுத்தவன் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

பழைய பாட்டுகளின் பிறப்புக் கதையைப் பேசுவது இன்று பெருவழக்காகிவிட்டது. கேட்க இனிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கடலைப் பாடிய பாட்டுகளின் கதையைக் குளிரூட்டிய அறையில் அமர்ந்து பேசினால் போதுமா? நொச்சிக்குப்பத்து மணலுக்கு வந்து பேசுவோம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் போகும் வழியில், அலைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிறது அந்தக் குப்பம்.

முதலில் ஏலேலோவை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் வலை இழுக்கிறார்கள். பத்துப் பேரின் மூச்சும் ஒரே மூச்சாக வேண்டும். ஒருவன் முந்தி, ஒருவன் பிந்தினால் கயிறு கையை அறுக்கும். ஆகவே ஒருவன் குரல் கொடுக்கிறான். மற்றவர் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். கடலோரத்தார் இதை அம்பா என்பர். பொழுதுபோக்கப் பிறந்த பாட்டல்ல அது. பாரம் இழுக்கப் பிறந்த பாட்டு!

அதற்கு மயிலையில் ஒரு கதை சொல்வர். வள்ளுவரின் நண்பன் ஏலேலசிங்கன் எனும் பெருவணிகன். அவனுடைய கப்பல் தரைதட்டி நின்றதாம். வள்ளுவர் வந்து கைவைத்து, வணிகன் பெயரைச் சொல்லி இழுக்கச் சொன்னாராம். கப்பல் நகர்ந்ததாம். அன்று முதல் உழைப்பாளி பாரம் இழுக்கும்போதெல்லாம் ஏலேலோ என்கிறானாம்.

கதை எப்படியும் போகட்டும். அதன் கணக்கைப் பார்! கப்பல் வணிகனுக்கு. பெருமை புலவருக்கு. பெயரும் வணிகனுக்கே. முதுகு வளைய, நரம்பு புடைக்க இழுத்தானே, அவன் பெயர் என்ன? கதையில் இல்லை. தன் பாட்டில்கூடத் தன் பெயர் இல்லாதவன் அவன்!

இனித் திரைக்கு வருவோம். 1964-இல் வந்தது 'படகோட்டி'. ஜி. என். வேலுமணி தயாரிப்பு, டி. பிரகாஷ்ராவ் இயக்கம், விசுவநாதன் – இராமமூர்த்தி இசை. பாட்டுகள் அத்தனையும் வாலி எழுதியவை. காவிரிக்கரைத் திருவரங்கத்தில் வளர்ந்தவர் கடற்கரை மனிதனின் கண்ணீரை எழுதினார். டி. எம். சௌந்தரராசன் பாடினார். எம். ஜி. ஆர். படகோட்டியாகத் தோன்றினார். மெட்டமைத்த விசுவநாதன் நெடுங்காலம் வாழ்ந்த வீடு, நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்துச் சாந்தோமில்தான்.

இரு மீனவர் கூட்டங்களை மோதவிட்டுக் குளிர்காயும் செல்வன் ஒருவனின் கதை அது. இயற்கை எல்லோருக்கும் தந்ததை இடையிலே மறித்து எடுத்துக்கொண்டவன் யார் என்று கேட்கிறது ஒரு பாட்டு. கடலுக்குப் போனவன் திரும்புவானோ எனக் கரையில் நிற்பவர் துயரைச் சொல்கிறது இன்னொன்று. கேட்டவன் தன் கதை என்றான். திருமண வீட்டில் ஒலித்தது. தேர்தல் மேடையில் ஒலித்தது. ஏழையின் நண்பன் என்ற பெயரைத் திரையிலிருந்து கோட்டைவரை கொண்டுசென்ற பாட்டுகளில் அவையும் சேர்ந்தவை. 1977-இல் படகோட்டி முதலமைச்சரானார்.

இந்த இடத்தில்தான் பாட்டுக்கதை எழுதுவோர் பேனாவை மூடிவிடுகிறார்கள். நாம் மூடலாமா?

1985-ஆம் ஆண்டு. மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்றது அரசு. கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முனைந்தது. எங்கள் தொழிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டு மீனவர் எதிர்த்து நின்றனர். போலீசின் துப்பாக்கி வெடித்தது. மீனவர் மாண்டனர். திரையில் கண்ணீர் வடித்த படகோட்டிதான் அன்று முதலமைச்சர்!

ஒரு மனிதரைப் பழிக்க இதை எழுதவில்லை, தோழா. பாட்டு பொய் என்று சொல்லவும் இல்லை. பாட்டு மெய். மெட்டு மெய். கேட்டவன் கண்ணில் துளிர்த்த நீரும் மெய். ஆனால் மீனவனுக்காகப் பாடுவது வேறு. மீனவன் மணலில் நிற்க இடம் விடுவது வேறு. முதலாவதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. இரண்டாவதற்கு நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

உழைத்தவன் கையாலேயே எழுதப்பட்ட பாட்டு இல்லையா? இருக்கிறது. 1930-இல் பிறந்து 1959-இல், இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழவு பார்த்தவர்; உப்பளத்தில் நின்றவர்; மீனும் நண்டும் பிடித்தவர். அதனால்தான் அவர் சொல்லில் வியர்வை மணக்கிறது.

கடல் கடந்தும் பார். அமெரிக்கக் கெண்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் மெர்ல் டிராவிஸ். 1946-இல் 'பதினாறு டன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் பல சுரங்க முதலாளிகள் கூலியைக் கம்பெனிச் சீட்டாகக் கொடுப்பர். அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். எவ்வளவு வெட்டினாலும் கடன் தீராது. தந்தை சொன்ன சொல்லும், உடன்பிறந்தவர் எழுதிய கடிதமும் பாட்டாயின. 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாட, நாடே முணுமுணுத்தது. பின்னாளில் ராக் இசைக்காரர்களும் பாடினர். படகுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கிவிட்டு, பிடித்த மீனைக் கடன் கொடுத்தவனுக்கே அவன் சொன்ன விலைக்கு அளக்கும் நம் மீனவனுக்கு அந்தப் பாட்டை மொழிபெயர்க்க வேண்டுமா?

2017-இல் நம் நகரிலேயே ஒரு பாட்டு பிறந்தது. கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாட்டு. எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைச் சொல்வது. புறம்போக்கு என்றால் என்ன? வரி விதிக்காமல் ஊர்ப்பொதுவாக ஒதுக்கிய நிலம். ஊருக்கெல்லாம் உரியது என்ற சொல்லை வசைச்சொல்லாக்கியது யார்? பொதுவில் இருப்பதைத் தனதாக்க நினைப்பவன்தானே!

நொச்சிக்குப்பத்து மணலும் அப்படித்தான். உனக்கு அது காற்று வாங்கும் இடம். அவனுக்கு அது பட்டறை! படகு நிற்பது அங்கே. வலை பின்னுவது அங்கே. மீன் காய்வது அங்கே. தச்சன் பட்டறையைப் பறித்துவிட்டுத் தச்சுப் பாட்டை மெச்சுவோமா?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்தது. கடல் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சாலையோ அடிக்கடி வருகிறது! 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தில் வந்த வழக்கையொட்டி, லூப் சாலையோர மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவரும் மீன் விற்கும் பெண்களும் சாலையில் அமர்ந்தனர். 2024-இல் நொச்சிக்குப்பத்திலேயே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் கடை கிடைத்தால் கரை வேண்டாம் என்று பொருளாகிவிடாது. மீனவர் குடியிருப்பும் அவர்களின் பொது இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011-இல் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே சொன்னது. வரைபடத்தைக் கேள்! வலை உலரும் இடம் அதில் எங்கே என்று கேள்!

கேட்கக் கற்றுத் தந்தவரும் இதே கரைக்காரர்தான். 1860-இல் அயோத்தியாகுப்பத்து மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர், 1923 மே 1-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். அதே மெரினாவில், ராய் சௌத்திரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நால்வர், ஒரு பாறை, ஒரே மூச்சு. ஏலேலோவைக் கண்ணால் காண விரும்பினால் அங்கே போய்ப் பார்!

பழைய பாட்டைக் கேள், தோழா; மனம் குளிரக் கேள். கேட்டு முடித்ததும் பாடியவர் பெயரோடு நின்றுவிடாதே. இழுத்தவன் எங்கே, அவன் நிற்க மணல் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால், நாமும் கயிற்றில் கைவைப்போம்!