கர்ப்ப காலத்துச் சீனி வியாதி



"ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் மகள்" என்று கர்ப்பிணியின் பீங்கானில் சோற்றை அள்ளி வைக்காத உம்மாவோ மாமியோ நமது கற்பிட்டியில் உண்டா? போதாததற்குச் சீனி கூடிய தேத்தண்ணியும் தொதலும் வேறு. பாசம்தான்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு உயிர் என்பதற்காக இரண்டு பங்கு சோறு தேவையில்லை.

கர்ப்பத்துக்கு முன் நீரிழிவு இல்லாத பெண்ணுக்கும் அக்காலத்தில் அது தோன்றலாம். நச்சுக்கொடியில் சுரக்கும் ஹோர்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஈடுகொடுக்கக் கூடுதல் இன்சுலின் சுரக்காதபோது இரத்தத்தில் சீனி ஏறுகிறது.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? கர்ப்பத்துக்கு முன்பே உடல் பருத்தவர்கள், வயது முப்பதைத் தாண்டியவர்கள், முந்திய கர்ப்பத்தில் இது வந்தவர்கள், சூலகக் கட்டிகளால் மாதவிடாய் ஒழுங்கு தவறியவர்கள். பெற்றோர், உடன்பிறந்தோருக்குச் சீனி வியாதி இருப்பதும் முக்கிய காரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இப்பக்கம் வந்த குடும்பங்களில், உறவுகள் சிதறியதால் யாருக்கு என்ன நோய் என்றே தெரியாதிருக்கலாம். கேட்டறிந்து கிளினிக்கில் சொல்லுங்கள்.

முன்பு நாலு கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றதும் ஓர் அறிகுறியே. "மாஷா அல்லாஹ், கொழுத்த பிள்ளை" என்று மகிழ்கிறோம். தாயின் சீனி பிள்ளைக்கும் போவதால் அது பருக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது, பிறந்த கையோடு பிள்ளைக்குச் சீனி திடீரெனக் குறைந்தும் விடலாம்.

பெரும்பாலும் எந்த நோவும் தெரியாது. எனவே சோதனை ஒன்றே வழி. சென்னைப் பேராசிரியர் வி. சேஷையா, தெற்காசியப் பெண்களுக்கு இயல்பிலேயே ஆபத்து அதிகமென்பதால் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டுமென வலியுறுத்தினார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்பது அவர் முன்னெடுத்த முறை. நமது நாட்டிலும் முதல் கிளினிக்கிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் பார்க்கிறார்கள். கணவர் கடலுக்குப் போயிருக்கிறார், கூட்டிப் போக ஆளில்லை என்று இந்த நாளைத் தவறவிடாதீர்கள். மாமிமாரே, நீங்கள் துணைக்குப் போகலாமே!

நோன்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இன்சுலின் போடுபவர் வைத்தியரைக் கேளாமல் நோன்பு பிடிப்பது பேணுதல் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, தன் உடலுக்கு அஞ்சி விட்டவர் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவர் களாவுடன் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு இதில் இடமில்லை.

வியாதி கண்டவர்களில் பலருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதுமாகிறது. மற்றவர்களுக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். எனினும் இவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்கென 2009இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று கூறியது. நாற்பது முடிந்த கையோடு மீண்டும் ஒருமுறை இரத்தம் சோதியுங்கள், பிறகு ஆண்டுதோறும்.