கோமுகியும் ஒரு லாரிக் கழிவும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

என் தாய்மாமன் செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்க்கிறார். உறிஞ்சிய கழிவை எங்கே விடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “ஓடைதான் இருக்குதே மாப்ளே, வேற எங்க ஊத்தச் சொல்ற?” என்றார். அந்த ஓடைக்குக் கீழேதான் எங்கள் கிணறு. என் படிப்புச் செலவில் அவர் கூலிக்கும் பங்குண்டு. ஆகவே அவரைக் குறைகூற இதை எழுதவில்லை.

செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கழிவு ஒழிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி வேலைதான். அடியில் தங்கும் வண்டலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். அதை அப்படியே நீரில் விட்டால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டலில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உயிர்வளி தேவை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் லாரிக்கு 15 கிலோ ஆகிறது. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியோ ஏறத்தாழ 8 மில்லிகிராம். ஆக, ஒரே லாரிக் கழிவு சுமார் 19 லட்சம் லிட்டர் நீரின் உயிர்வளியைக் குடித்துவிடக்கூடும்!

பெரிய ஆறாயின் ஓரளவு தாங்கும். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் மழைக்கால ஆறுகள். வெள்ளாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. ஆண்டில் பல மாதம் மணல்தான் தெரியும். அப்போது ஓடையில் ஊற்றியது கடலுக்குப் போவதில்லை, மண்ணுக்குள் இறங்குகிறது. நம் கிணறுகள் ஊறுவதும் அதே மண்ணில்தான்.

மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-இல் தொடங்கிய கசடுக் கழிவு நிலையத்தைச் சென்ற விடுமுறையில் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர் கொள்ளளவு. பெரிய இயந்திரங்களை எதிர்பார்த்துச் சென்ற எனக்குச் சற்று ஏமாற்றமே! மணலும் சரளையும் பரப்பிய படுகைகளில் லாரிக் கழிவு பாய்கிறது. நீர் கீழே வடிய, கசடு வெயிலில் காய்கிறது. வடிந்த நீரை மேலும் சுத்திகரிக்கிறார்கள். செடி வளர்ந்த சரளைப் படுகைகள் இதற்கு உதவும். வேர்களைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் எஞ்சிய கரிமப் பொருளைத் தின்கின்றன. குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், கசடு நன்றாகக் காய்வது மிக முக்கியம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தகைய நிலையத்தாலும் நீர் முற்றும் தூய்மையாவதில்லை. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் நிற்காமல் நிலத்தடி நீரோடு செல்லும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் அதன் எல்லை. ஆகவே, சுத்திகரித்த நீரை ஓடையில் விடுவதைவிட மரங்களுக்குப் பாய்ச்சுவதே மேல். வேர்கள் அந்த நைட்ரேட்டை உரமாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கையெல்லாம் மாமாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிடா மாப்ளே, அந்த மாதிரி எடத்துக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டணும்னா டீசலுக்கு யார் குடுப்பா? வீட்டுக்காரங்களா, மொதலாளியா?” என்றார். அந்தக் கணக்கைத்தான் இப்போது இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.